கொட்டகைக்குள் வைக்கச் சொன்ன பொதி

எங்கள் ஊர் டாக்கீஸ் எரிந்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார என்னால் முடியவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய், கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன். திரும்பி வந்தால் எதற்குப் போனேன் என்பது மறந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் மகள் போனில், "சுகர் செக் பண்ணும்மா" என்கிறாள். சுகரெல்லாம் ஒன்றுமில்லை. தீ எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாமல் இருந்தது. ஊர் அதை வேறொருத்தி தலையில் கட்டிவிட்டது. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். என் வியாதி இவ்வளவுதான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பெரிய ஊர் என்று சொன்னால் நாங்களே சிரிப்போம். ஆனாலும் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அத்தனையும் படம் பார்க்க இங்கேதான் வந்தன. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய முன்வளைவு, அதற்கு மேலே சுதையில் இரண்டு கிளிகள். ஒரு கிளிக்கு மூக்கு கிடையாது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதே அதற்கு மூக்கு இல்லை. உள்ளே ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். இருந்த நான்கு ஃபேனும் ஆண்கள் பக்கம்தான். இடைவேளை மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொருத்தி காலிலும் கரிசல் மண் அப்பிக்கொண்டு வரும். ஆட்டம் முடிந்த பிறகு பெண்கள் பக்கத்துத் தரையை மண்வெட்டி போட்டு வழிக்க வேண்டியிருக்கும்.

அந்த வேலை டார்ச் அக்காவுடையது. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பதும், இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவதும், அழுகிற பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் வெளியே வேடிக்கை காட்டுவதும் அவள்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் இளவயசிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஊரில் எல்லோரும் டார்ச் அக்கா என்றே கூப்பிட்டோம். அவள் கையில் இருந்த டார்ச் யார் முகத்திலும் பட்டு நான் பார்த்ததில்லை. தரையில் மட்டும் ஒரு வட்டம் நகரும், அதன் பின்னாலேயே நாம் போக வேண்டும்.

கல்யாணமான மறு வருஷம் எனக்கும் மாமியாருக்கும் ஒரு சண்டை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், புடைக்கிற சொளகு ஒன்று காணாமல் போனதற்கு. அந்தக் கோபத்தில் வீட்டில் சொல்லாமல் கிளம்பி, மத்தியான ஆட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் ஒன்றும் குறையவில்லை. திரையில் ஓடியது என்ன படம் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். டார்ச் அக்கா வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். படம் முடியப் போகும்போது மறுபடி வந்து காதோரமாகச் சொன்னாள்:

"தாயி, உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போனாரு. அப்படி யாரும் உள்ள வரலன்னு சொல்லிட்டேன். இப்ப முகத்தக் கழுவிட்டு, கோயிலுக்குப் போயிட்டு வாரது மாதிரிப் போங்க."

அப்படியே போனேன். கோயிலுக்குப் போனதாகவே வீட்டில் முடிந்தது. அன்றைக்கு அவள் சொன்ன அந்தப் பொய் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, புதிதாக வாழ வந்த வீட்டில் ஒருநாளாவது பேச்சு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, கைக்குக் கை போன் வந்தது. ஒரு பொங்கலோடு டாக்கீஸ் நின்றுபோனது. சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். சம்சாரிகள் என்று நாங்கள் சொல்லும் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் பருத்தியைப் பொதியாகக் கட்டிக் கொண்டுவந்து எங்களிடம் போடுவார்கள், நாங்கள் ஆலைக்காரர்களுக்கு விற்றுக் கொடுப்போம். கடையில் இடம் போதாததால் டாக்கீஸ் கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம். பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டுப் பொதிகளை அடுக்கினோம். திரை மட்டும் அப்படியே, ஓரத்தில் கிழிந்து, மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அக்கா எங்கும் போகவில்லை. டிக்கெட் கொடுக்கும் அறையில் ஒரு பாயும் சின்ன கேஸ் அடுப்பும் வைத்துக்கொண்டு காவலுக்கு இருந்துவிட்டாள். டிக்கெட்டுக்குக் கைநீட்டும் அந்தச் சின்னப் பொந்து வழியாகத்தான் காலையில் பாக்கெட் பால் வாங்குவாள்.

இந்தப் பங்குனியில் அது நடந்தது. சொந்தத்தில் ஒரு சாவு, என் வீட்டுக்காரர் துஷ்டி கேட்கத் திருநெல்வேலி போயிருந்தார். நானே கடையில் நின்றேன். எனக்கு அது புதிதில்லை. பருத்தியைக் கையில் அள்ளிப் பார்த்து ஈரமா, காய்ச்சலா என்று அவரைவிட நன்றாகச் சொல்வேன். நாலு மணி வாக்கில் ஒரு குட்டியானை வேனில் பதினோரு பொதி வந்தது. மேலே இருந்த ஒரு பொதியின் தலைமாட்டில் கருகிய வட்டம். வருகிற வழியில் ஒரு கிராமத்துத் திருப்பத்தில் கரண்டு கம்பி தாழ்ந்து தொங்கியிருக்கிறது. அதில் உரசித் தீப்பொறி விழுந்து பிடித்ததாம். டிரைவர் கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி அணைத்து, கருகிய பருத்தியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

"முழுக்க அணைஞ்சிட்டு மதினி. முழங்கை வரைக்கும் கையவிட்டுப் பாத்துட்டேன், சூடே இல்ல," என்றார்.

தீப்பட்ட பொதியை மற்றப் பொதிகளோடு சேர்க்கக் கூடாது. தனியாக வெட்டவெளியில் போட்டு, பிரித்துப் பரத்தி, மூன்று நாளாவது பார்க்க வேண்டும். பருத்தி தீயை வெளியில் காட்டாது. உள்ளுக்குள் வைத்துக் கனிந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் மேலே மட்டும்தான் நனையும். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் வானம் கறுத்துவிட்டது. மேற்கே இருந்து கருங்கும்மென்று ஏறி வந்தது. கரிசல்காட்டுக்காரர்களுக்கு இது ஒரு பைத்தியம். வருஷம் பூராவும் வானத்தைப் பார்த்து வா, வா என்போம். பருத்தி எடுத்த பிறகு அதே வானத்தைப் பார்த்து வராதே, வராதே என்போம். எடுத்த பருத்தி நனைந்தால் பழுப்படித்துவிடும், ஆலைக்காரர் தொட்டுப் பார்க்காமலே மூக்கைச் சுளிப்பார். பங்குனியில் மேகத்தைக் கண்டால் எங்களுக்குக் கையும் காலும் தானாக ஓடும். தீயை நினைக்கிற புத்தி அந்த நேரத்தில் வேலை செய்யாது. மூன்று தலைமுறையாக மழையில் பருத்தியைப் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். குட்டியானையைக் கொட்டகைக்குத் திருப்பச் சொன்னேன். பதினோரு பொதியையும் உள்ளே தள்ளச் சொன்னேன்.

பத்துப் பொதி உள்ளே போனது. பதினோராவதைத் தூக்கும்போது டார்ச் அக்கா வாசலில் கையை வைத்து மறித்தாள்.

"தாயி, இது ஒண்ணு வேண்டாம். வாடை அடிக்கி. வெளியவே கெடக்கட்டும்."

"மழை வருதுக்கா. நனைஞ்சா சம்சாரிக்கு யாரு பதில் சொல்லுதது?"

"ஒரு பொதிதான தாயி. நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போகுது."

"நீங்க பருத்தி யாவாரமா பாத்தீங்க? டார்ச்தான அடிச்சீங்க? கைய எடுங்க."

இப்படித்தான் சொன்னேன், ஒரு சொல் மாறவில்லை. லோடுமேன்கள் சிரித்தார்கள். அக்கா கையை எடுத்துவிட்டாள். பொதி பெண்கள் பக்கத்துச் சுவரோரமாக, மற்றப் பொதிகளோடு ஒட்டி உட்கார்ந்தது. மழை வந்ததா என்று கேட்பீர்கள். நாலு தூறல். வாசல் மண்ணில் புள்ளி விழுந்தது, நான் வீட்டுக்கு நடந்து போவதற்குள் அந்தப் புள்ளியும் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். "தாயி, உள்ள வாடை கூடுது. நாலு ஆள அனுப்புங்க, அந்தப் பொதிய வெளிய இழுத்துருவோம்."

"துஷ்டி முடிஞ்சு அவிய நாளைக்கு வந்துருவாவக்கா. வரட்டும், பாப்போம்," என்றேன்.

சாயங்காலம் மறுபடி மணி அடித்தது. அவள் நம்பர்தான். எடுக்கவில்லை. கையெல்லாம் மாவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் மாவு இல்லை. முந்தின நாள் அவளைப் பேசிய பேச்சு எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. அவளிடம் மறுபடி பேச வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் எரிச்சலாக மாறியிருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். தப்பு செய்தால் யார் மேல் செய்தேனோ அவர்கள் மேலேயே கோபம் வரும்.

அதற்கு மறுநாள் உச்சி வெயிலில் ஒரு சத்தம் கேட்டது. ஊர் முழுக்க வாசலுக்கு ஓடி வந்தது. டாக்கீஸ் இருந்த திசையில் கறுப்பாகப் புகை எழும்பி நின்றது. நான் செருப்பு போடாமல் ஓடினேன். தார் ரோடு கொதித்தது தெரியவில்லை.

நடந்தது என்ன என்று இப்போது எனக்கு வரிசையாகத் தெரியும். பொதி இரண்டு நாளாகக் கனிந்து, பக்கத்துப் பொதிகளுக்கும் பரவிவிட்டது. அக்கா உலை வைத்திருந்தவள், புகை கண்டு அடுப்பை அணைத்துவிட்டு அரங்குக் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று உள்ளே போனதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. அவள் தெருவில் ஓடி ஆட்களைக் கூப்பிட்டாள். வேலை நாள், உச்சி நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. தீ முன்பக்கம் வந்து டிக்கெட் அறைக்குள் நுழைந்தது, அங்கே இருந்த சிலிண்டர் வெடித்தது. ஊர் முதலில் கேட்டது அந்த வெடிச் சத்தத்தை. தலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புகை தெரிந்தது. ஆகவே ஊர்க்கணக்கில் சத்தம் முதலில், தீ அப்புறம்.

நான் போய்ச் சேரும்போது கூரைத் தகரங்கள் முறுக்கிக்கொண்டு விழுந்துகொண்டிருந்தன. தீயணைப்பு வண்டி ஒன்று வந்தது, பிறகு இரண்டு வந்தன. பீய்ச்சிய தண்ணீர் பருத்தி மேல் பட்டுப் புஸ்ஸென்று ஆவியாகப் போனது. எரிந்த பஞ்சுத் துண்டுகள் காற்றில் ஏறி, நாலு தெரு தள்ளிக் காயப்போட்ட வெள்ளைத் துணிகளில் போய் ஒட்டின. உள்ளே திரை எரிவது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அது கீழிருந்து மேலாக ஒரே மூச்சில் எரிந்து முடிந்தது. படம் பார்க்கக் கூடியதைவிட அதிகக் கூட்டம். எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனும் தூக்கிப் பிடித்தபடி. அக்கா எங்கே என்று தேடினேன். கோயில் திருப்பத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் முக்காடு போட்டு முகத்தை மூடியிருந்தாள். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு நாள் புகைந்தது. ஐந்தாம் நாள் பொக்லைன் வந்து, சாய்ந்து நின்ற முன்வளைவைத் தள்ளியது. வேடிக்கை பார்த்தவர்கள் "ஐயோ" என்றார்கள். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. டாக்கீஸ் படம் போட்டு, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே இருபது பேர் முகம். அந்த இருபது பேரில் பாதிப் பேர் அதற்குள் கால் வைத்தது கிடையாது. மீதிப் பேர் அந்தச் சுவரில்தான் மூத்திரம் பெய்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்து எறிந்திருப்பேன். கிழிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்ததும் கை அடங்கிவிட்டது.

டார்ச் அக்கா அடுப்பை அணைக்காமல் தண்ணீருக்குப் போய்விட்டாள், சிலிண்டர் வெடித்தது, டாக்கீஸ் எரிந்தது. இரண்டே நாளில் இது ஊரின் பேச்சாகிவிட்டது. காய்கறி வாங்கப் போனால் காய்கறிக்காரி சொன்னாள், மாவு மில்லில் மாவு மில்காரர் சொன்னார். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிற பெண்கள் ஊருக்குப் பாதி. தீயைப் பற்றி எல்லோருமே இங்கே நிபுணர்கள். "வயசாயிட்டுல்லா, கவனம் பத்தாது," என்று இரக்கமாகப் பேசினவர்களும் உண்டு. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துஷ்டி வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் வந்த அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராவது பொதி, அக்கா மறித்தது, இரண்டு போன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். என்னைத் திட்டவில்லை. "உள்ள எரிஞ்சது பன்னெண்டு வீட்டுப் பருத்தி. நாமதான் வச்சோம்னு தெரிஞ்சா இந்த ஊர்ல நாம எப்படி முழிக்கது? வாயத் தொறக்காத," என்றார். விசாரிக்க வந்தவர்கள் கடைக்கு வந்து, தீப்பட்ட பொதி ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை என்று அவர் சொன்னார். அந்தக் குட்டியானை டிரைவரும் வாயைத் திறக்கவில்லை. நான் மோர் டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

டாக்கீஸ் சொந்தக்காரர் போனில் சொல்லிவிட்டார், அந்த அம்மா இனி அந்தப் பக்கமே நிற்கக் கூடாது என்று. நிற்க என்ன இருக்கிறது, நாலு சுவரின் அடிக்கல்தான். அக்காவின் தங்கை புதியம்புத்தூரில் இருக்கிறாள். தங்கை மகன் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு பை மட்டும்தான் கொண்டுபோனாளாம். காய்கறிக்காரிதான் இதையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பித்தளைப் பாத்திரம் பூராவையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்த பரணை மறுபடி சுத்தம் செய்தேன். வைகாசியில் ஒருநாள் ரேஷன் கடைக்கு என்று கிளம்பியவள், கோவில்பட்டி போய் ரயில் ஏறி மணியாச்சியில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து பஸ் மாறிப் புதியம்புத்தூர் போய்விடலாம். ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மூன்று ரயில் வந்து போயின. நான்காவது ரயிலில் ஏறி ஊருக்கே திரும்பிவிட்டேன். ஆனியில் இன்னொரு தடவை. அன்றைக்குக் கயத்தாறு வரைதான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, பழத்தைக் கொடுத்து எதைச் சரிக்கட்டப் போகிறாய் என்று எனக்கே அருவருப்பாகிவிட்டது. பழத்தை அங்கேயே ஓர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் கிளம்பியபோது ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசியது. பஸ்ஸில் ஜன்னலை யாரும் திறக்கவில்லை. இந்தத் தடவை பாதியில் இறங்கக் கூடாது, இறங்கினால் நீ மனுஷி இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.

புதியம்புத்தூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தையல் மிஷின் சத்தம்தான். வீட்டுக்கு வீடு ரெடிமேட் துணி தைக்கிறார்கள். தங்கை வீட்டு முன்னறையில் ஆறு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் தரையில் டார்ச் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் மலை மாதிரிக் குழந்தைகள் கவுன். தைத்து முடித்த கவுன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க தாயி, இந்தக் காத்துல வந்தீங்களா?" என்றாள். ஓர் ஆளை அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னாள். கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, உங்க அடுப்புல தீப் பிடிக்கல. அந்தப் பொதிதான்."

அவள் பிசிறு வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா," என்றாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"எனக்கும் தெரியும் தாயி. நாந்தான போன் போட்டேன்."

அழுதுவிட்டேன். அழக் கூடாது, அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். "பெறகு ஏங்க்கா நீங்க யார்ட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள், அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"சொல்லாமயா இருப்பேன்? விசாரிக்க வந்தவங்ககிட்டச் சொன்னேன். தெருவுல நின்னவங்ககிட்டச் சொன்னேன். தப்பிக்கதுக்குச் சொல்லுதேன்னு சொல்லிட்டாங்க. உங்க கடையில கேட்டாங்களாம்லா, அப்படி ஒரு பொதியே வரலன்னு சொல்லிட்டீங்களாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள், என்னோடு இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ஒரு கவுனை உதறி மடித்து வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல வந்து நான் என்ன செய்ய தாயி? இங்கன எனக்குச் சோறு கெடைக்கி. ஊருக்குள்ள வாரதுக்குத்தான் ஏலல. அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன், சொல்லுங்க. நாப்பது வருசம் அந்தக் கொட்டகையில இருந்தேன். நான் கொளுத்திட்டேன்னு நெனைக்காங்க." அடுத்த கவுனை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இவ்வளவு தூரம் வந்து எங்கிட்டச் சொல்லுதீங்க. எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க பூராவும் அங்கனல்லா இருக்காங்க."

வழி கேட்டு வந்தவளுக்குப் பாதை சொல்வது மாதிரித்தான் சொன்னாள். பிறகு மத்தியானச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். வெகு நேரம் இருந்தேன். அவள் பேச்சை மாற்றி என் மகளைப் பற்றிக் கேட்டாள், பேரன் நடக்கிறானா என்று கேட்டாள். கிளம்பும்போது பஸ் நிற்குமிடம் வரை கூட வந்து, பஸ் எடுக்கும்வரை காற்றில் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

ஊரில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனால் விளக்கேற்றுவேன், அடுப்பைப் பற்றவைப்பேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றிவிடும். என்னை எனக்குத் தெரியும். நேராகக் கடைக்கு நடந்தேன். புரட்டாசியில் விதைக்கப் போகிற விதையைப் பற்றிப் பேசச் சம்சாரிகள் ஐந்தாறு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருமே எரிந்த கொட்டகைக்குள் பருத்தி போட்டிருந்தவர்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்தார். புழுதி படிந்த என் தலையையும் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள போ," என்றார்.

"டாக்கீஸ் எரிஞ்சது அடுப்பால இல்ல," என்றேன். "தீப்பட்ட பொதி ஒண்ணு வந்துச்சு. நாந்தான் உள்ள வைக்கச் சொன்னேன். அந்தக்கா கையப் போட்டுத் தடுத்தாவ. நாந்தான் கேக்கல. ரெண்டு தடவ போன் போட்டாவ. ஒரு தடவ நாளைக்குப் பாப்போம்னேன், மறு தடவ எடுக்கவே இல்ல."

"ஏட்டி, உள்ள போன்னு சொன்னேன்."

இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. கல்லாப் பெட்டி மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து, ஓடாத ஃபேனின் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். இளவட்டமாக இருந்த ஒருவர், "இத இப்ப வந்து சொல்லுதீங்களே மதினி, நாலு மாசம் கழிச்சு!" என்று எகிறினார். எகிறட்டும் என்றிருந்தது. இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து எகிறினாலும் நான் அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டேன்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர் மட்டும் எகிறவில்லை. எட்டுப் பொதி எரியக் கொடுத்தவர் அவர், மாமா முறை எனக்கு. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்குத் தெருவுல வச்சு அந்தம்மாவ நான் அடிச்சுட்டேன் தாயி. கன்னத்துல. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. பொதி, பொதின்னு என்னமோ சொல்லிட்டே இருந்தாவ. நான் காது குடுக்கல."

கோயில் திருப்பத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாளே, அது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்கன இருக்காவ இப்ப?" என்றார். புதியம்புத்தூரில், தங்கை வீட்டில் என்றேன். இன்றைக்கு முழுக்க அங்கேதான் இருந்தேன் என்றேன்.

"என்னப் பத்தி என்ன சொன்னாவ?"

"உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல மாமா."

எழுந்து நின்றவர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.